எங்கள் வீட்டின் அமெரிக்கப் பெயர்

சித்தப்பாவின் கொப்பிக்கு நீல மட்டை. நான்கு மூலைகளும் நைந்து நார்நாராகப் பிரிந்திருந்தன. முதுகில் கறுப்புத் துணிநாடா ஒன்றைப் பசை தடவி ஒட்டியிருந்தார். யாழ்ப்பாணத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்த கடைசி இரண்டு வருடங்களில் அந்தக் கொப்பியை எத்தனை தடவை திறந்து பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. உள்ளே பாடம் எதுவும் இருக்காது. அமெரிக்கர்கள் இருந்தார்கள், பக்கத்துக்கு ஒருவராக. முதலாவது பக்கத்தில் தாடி வைத்த ஒரு நீதிபதி. இரண்டாவதில் ஒற்றைக் காலைத் தூக்கியபடி பேஸ்போல் பந்தெறிகிற ஒருவர். மூன்றாவதில் பூ விதைகளைப் பொதி செய்து விற்றுப் பெரிய ஆளாகிவிட்ட ஒரு வியாபாரி. நான்காவதில், கணவன் இறந்த பிறகு வெளிச்சவீடு ஒன்றைத் தனியாகக் காத்து வந்த ஒரு பெண். ஐந்தாவது ஒரு கொலைகாரன். ஆறாவது பியானோ வாசிப்பவர். இவர்கள் ஒருவருக்கொருவர் சொந்தமில்லை, ஒரே ஊரும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் குடும்பப் பெயர் வெதர்லி. எங்களுக்கும் அதுதான்.

சித்தப்பா அப்பாவுக்குப் பத்து வயது இளையவர். மிஷன் பள்ளிக்கூடத்து நூலகத்தில் உதவியாளராக இருந்தார். கழித்துவிடும் பழைய அமெரிக்கச் சஞ்சிகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, எங்கள் பெயர் எங்காவது கண்ணில் படுகிறதா என்று விரலால் வரிவரியாகத் தேடுவார். அகப்பட்டால் வெட்டி ஒட்டுவார். படம் இல்லாதவர்களுக்குத் தானே பென்சிலால் ஒரு முகம் வரைவார். எனக்கு எட்டு வயது. வாய்ப்பாடு சொல்வதுபோல அந்த வரிசையை அவரோடு சேர்ந்து சொல்லுவேன். "எங்கடை ஆக்கள் பிள்ளை இவையெல்லாம்" என்பார். அப்பாவுக்குப் பிடிக்காது. "அவங்களுக்கு உன்னைத் தெரியுமோடா?" என்று கேட்பார். கொலைகாரனைக் கண்ட அன்று, "உந்தப் பக்கத்தை இப்பவே கிழி" என்று கத்தியதும் நினைவிருக்கிறது.

தமிழருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனின் பெயர் முன்னால் ஓர் எழுத்தாக நிற்கும். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் மாறிவிடும். எங்கள் வீட்டில் மாறவில்லை. அப்பாவின் பாட்டனாருக்குப் பாட்டனார் சிறுவனாக அமெரிக்க மிஷனரிகளின் விடுதிப் பள்ளியில் சேர்ந்தபோது, அவருடைய படிப்புக்கு உதவிய யாரோ ஓர் அமெரிக்கரின் பெயரையே அவருக்கு வைத்துவிட்டார்களாம். அந்த அமெரிக்கர் யார், எப்படி இருந்தார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பெயர் மட்டும் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்துகொண்டே இருந்தது. அந்தக் குடாநாடு முழுவதிலும் வெதர்லி என்று ஒரே ஒரு குடும்பம்தான். நாங்கள் மட்டும்தான்.

அதுதான் பின்னாளில் எங்கள் கழுத்தைப் பிடித்தது. ஒரு காலை இராணுவத்தின் சுற்றிவளைப்பு நடந்தது. ஆட்களைக் காட்டிக்கொடுக்க முகத்தை மூடி நிறுத்தியிருந்த ஒருவன் சித்தப்பாவைக் கண்டதும் தலையாட்டினான். அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். வேறு பெயராக இருந்திருந்தால் அதோடு நின்றிருக்கும். நூறு சிவலிங்கங்கள் இருக்கிற ஊரில் எந்தச் சிவலிங்கத்துக்கு யார் அண்ணன் என்று தேடுவது இலேசல்ல. வெதர்லிக்கு அண்ணன் யார் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு அரை நாள்கூடத் தேவைப்படவில்லை. பின்னேரம் எங்கள் வீட்டு வாசலில் ஜீப் நின்றது. அப்பா கிணற்றடி மதிலால் ஏறிப் போய்விட்டார். அன்றிலிருந்து மூன்று மாதம் அவரை நான் பார்க்கவில்லை. அடுத்த முறை பார்த்தபோது நாங்கள் கொழும்பில், யாரோ ஒருவரின் அறையில் இருந்தோம். அவர் மீசையை எடுத்திருந்தார். "இனி ஆரும் கேட்டால் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது" என்றார். அதுதான் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

மொன்றியலுக்கு வந்து அகதி விண்ணப்பம் எழுதியபோது அப்பா இரண்டு காரியம் செய்தார். அவருடைய அடையாள அட்டையில் குடும்பப் பெயர் டபிள்யூ என்ற ஓர் ஆங்கில எழுத்தாக மட்டும் இருந்தது. அது வில்லியம் என்ற தகப்பன் பெயரின் முதலெழுத்து என்று சொன்னார். அவருடைய சொந்தப் பெயரே எங்கள் குடும்பப் பெயராயிற்று. அடுத்தது, உடன்பிறந்தோர் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார். தடுப்புக்காவலில் ஒரு தம்பி இருக்கிறான் என்றால் நூறு கேள்வி வரும், உன்னையும் சந்தேகப்படுவார்கள் என்று விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர் பயம்காட்டியிருந்தார். அப்பாவுக்குப் பயம்காட்ட அவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை. அந்த 'இல்லை'யின் மேல்தான் எங்களுக்கு வதிவிடமும் குடியுரிமையும் கிடைத்தன.

நான் பிரெஞ்சு படிக்கத் தொடங்கிய வகுப்பில், குடும்பத்தைக் கிளைகளாக வரைந்துவரச் சொன்னார்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு கிளை இழுத்து, கொப்பியும் கையுமாக சித்தப்பாவை வரைந்தேன். அப்பா வேலையால் வந்ததும் அதைக் கண்டார். மேசைக்கு முன் உட்கார்ந்து அழிறப்பரால் தேய்த்தார். கடதாசி மெலிந்து மறுபக்கம் தெரியும்வரை தேய்த்தார். "எங்களுக்கு ஆருமில்லை, விளங்குதே?" என்றார். பிறகு எழுந்து போய் முன்கதவு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். அன்றைக்கு என்னைத் தொற்றிய பயம் என்னோடேயே வளர்ந்தது. பேருந்தில் பொலிஸ்காரர் ஏறினால் மூச்சை அடக்கிக்கொள்வேன். கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு கார்டெரியில் மற்றவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அது போகவில்லை.

சித்தப்பாவை நான்கு வருடம் கழித்து விட்டுவிட்டார்கள். பிறகு அவர் ஊரிலேயே ஒடுங்கிக் கிடந்தார். அப்பா அவரோடு ஒருநாளும் தொலைபேசியில் கதைத்ததில்லை. கிறிஸ்து பிறப்பு நாளான நத்தாருக்கு அம்மா மட்டும், அயலவர் ஒருவரின் கைபேசியில் இருந்து அழைப்பு எடுத்து இரண்டு நிமிடம் கதைப்பார். ஊரில் அவரை மறுபடியும் விசாரணைக்குத் தேடி வரத் தொடங்கியிருக்கிறார்கள் என்று அம்மா ஒருமுறை சொன்னார். அதன் பிறகு அவரிடமிருந்து ஒரு வருடத்துக்கு மேல் சத்தமே இல்லை.

அழைப்பு வந்தது ஒரு பெப்ரவரி மத்தியானம். குழந்தைகள் பாய்களில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். திரை இழுத்த அறைக்குள் சின்னச் சின்ன மூச்சுகள் மட்டும் கேட்டன. கைபேசி அதிர்ந்தது. பிரெஞ்சு பேசுகிற ஒரு பெண். எல்லைச் சாவடியில் இருந்து பேசுவதாகச் சொன்னார். அமெரிக்கப் பக்கத்தில் இருந்து வந்த ஒருவர் தஞ்சம் கேட்கிறார், கனடாவில் உறவு என்று உங்களைச் சொல்கிறார், வெதர்லி என்று ஒருவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

முப்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை ஓர் அந்நியக் குரலில் கேட்கிறேன். என் வாய் எனக்கு முந்திக்கொண்டது.

"தெரியாது."

"நிச்சயமாகவா, மதாம்?"

"நிச்சயமாக."

நன்றி சொல்லி வைத்துவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

தெரியாமல் சொன்னேன் என்று சொல்லித் தப்ப முடியாது. அமெரிக்கா வழியாக வருகிறவர்களைக் கனடா திருப்பி அனுப்பிவிடும். நெருங்கிய உறவு ஒருவர் இங்கே இருந்தால் மட்டும் உள்ளே விட்டு வழக்கைக் கேட்கும். எங்கள் ஆட்களில் இதை அறியாதவர் கிடையாது. நான் இல்லை என்றால் அவரை அமெரிக்கரிடம் ஒப்படைப்பார்கள், அவர்கள் தடுப்பில் போட்டுக் கொழும்புக்கு விமானம் ஏற்றுவார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அந்தக் கணத்தில் என் கண்ணுக்குள் நின்றது அப்பாவின் கையெழுத்தில் 'இல்லை' என்ற சொல். அது பொய் என்று தெரிந்தால் அப்பாவின் குடியுரிமை, அதில் தொங்கும் என்னுடையது, எல்லாம் கழன்று விழும் என்றே நினைத்தேன். சித்தப்பாவின் மேல் கோபம்கூட வந்தது. அம்மா எப்போதோ அவருக்குச் சொல்லியிருந்த என்னுடைய இலக்கத்தை ஏன் கொடுத்தார் என்று.

ஒரு குழந்தை புரண்டு படுத்து, சப்பாத்து இல்லாத காலை என் மடியில் போட்டது. அந்தக் காலைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. பிறகு வெளியே போய் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லையிலிருந்து எடுத்தார்கள், சித்தப்பா வந்திருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். நான் என்ன பதில் சொன்னேன் என்பதைச் சொல்லவில்லை.

அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது. அவர் சிவப்பு விளக்கு எரியும்போது வெறும் வீதியைக்கூடக் கடக்காத மனிதர். மறுபடியும் ஒருமுறை 'எங்களுக்கு ஆருமில்லை' என்று சொல்லப்போகிறார் என்றே எதிர்பார்த்தேன். சொன்னால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்றும் எதிர்பார்த்தேன்.

"காரைக் கொண்டு வா பிள்ளை" என்றார்.

கல்யாண வீடுகளுக்குப் போடும் கோட்டுடன் வாசலில் நின்றார். பாலம் தாண்டித் தெற்கே திரும்பினோம். இரண்டு பக்கமும் வெள்ளையாக வயல்கள். காற்று பனியைத் தூள்தூளாக வீதிக்குக் குறுக்கே இழுத்துக்கொண்டு போனது. அமெரிக்கா என்று எழுதிய முதல் பலகையைக் கடந்தபோது அப்பா சொன்னார்:

"எல்லாத்தையும் சொல்லப் போறன்."

"அப்பா, எங்கடை பேப்பர்?"

"தெரியும்."

"பிள்ளையளுக்கும் ஏதும்…"

"தெரியும் எண்டு சொன்னனெல்லே. நீ காரை ஓட்டு."

சாவடிக்குள் ஒரு சின்ன அறையில் எங்களை இருத்தினார்கள். என்னோடு பேசிய அதே பெண் அதிகாரி. மேசையில் ஒரு தொலைபேசி, அதற்குள்ளிருந்து மொழிபெயர்ப்பாளரின் குரல். சென்னைத் தமிழ். அப்பா அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார், உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க யாராவது இருக்காங்களான்னு கேக்கறாங்க."

"ஒரு தம்பி."

அதிகாரி கணினியைப் பார்த்தார். யாரும் இல்லை என்று முன்பு எழுதியிருக்கிறாரே என்று கேட்டார்.

"பொய் எழுதினனான்" என்றார் அப்பா.

 "சார், அப்படியே சொல்லட்டுமா?" என்று அந்தக் குரல் தயங்கிக் கேட்டது.

"ஓம். அப்பிடியே சொல்லுங்கோ."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.  பிறகு அதிகாரி என் பக்கம் திரும்பினார். நான்தானே தொலைபேசியில் பேசியது, தெரியாது என்றேனே, இப்போது என்ன சொல்கிறேன் என்று பிரெஞ்சில் கேட்டார். அவர் என் சித்தப்பா என்றேன். அப்படியானால் ஏன் மறுத்தீர்கள் என்றார். பயந்துவிட்டேன் என்றேன். அதையும் தட்டினார். அப்பாவுக்குப் பிரெஞ்சு அதிகம் வராது. ஆனால் இது விளங்கிவிட்டது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.  அந்தப் பார்வையை இன்றுவரை நான் யாருக்கும் விவரித்ததில்லை. இங்கேயும் என்னால் முடியவில்லை.

பெயர்தான் பிரச்சினையாக இருந்தது. இருவரையும் ஒரு குடும்பம் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட எங்களிடம் இல்லை. சித்தப்பாவின் கடவுச்சீட்டில் வெதர்லி, அப்பாவுடையதில் அந்தப் பெயரே இல்லை. அப்பா மிஷன் பள்ளியில் இருந்து தொடங்கிப் பெயரின் கதையைச் சொன்னார். பிறகு, வேறு வழி தோன்றாமலோ என்னவோ, கொப்பியைப் பற்றிச் சொன்னார். அந்தப் பெயருள்ள அமெரிக்கர்களை அவன் ஒட்டி வைத்திருந்தான், வேண்டுமானால் அவனிடம் கேளுங்கள் என்றார். அதிகாரி எழுந்து வெளியே போனார். சுவர் மணிக்கூட்டில் நாற்பது நிமிடம் போயிற்று. அப்பா கோட்டுப் பொத்தானைப் பிடித்தபடியே இருந்தார்.

திரும்பி வந்தவரின் கையில் ஒரு தாள். முதலாவது யார் என்று கேட்டார்.

"நீதவான்."

"அடுத்தது?"

"பந்தெறியிறவன். பேந்து விதைக்காரன்." அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "நாலாவது வெளிச்சவீட்டு மனுசி."

அவர் கொப்பியைத் தொட்டே நான் கண்டதில்லை.

"ஐந்தாவது?"

"அது ஒரு கொலைகாரன். கிழிக்கச் சொன்னனான்."

"கிழித்தாரா?"

"தெரியாது. நான் பேந்து பாக்கேல்லை."

அதிகாரி தாளைக் கவிழ்த்து வைத்தார். இரண்டு பக்கங்களைச் சேர்த்து ஒட்டி மறைத்துவிட்டதாக உங்கள் தம்பி சொல்கிறார் என்றார். அப்பாவின் முகம் கோணியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. தம்பியாக ஏற்றுக்கொள்கிறேன், அவர் உள்ளே வரலாம் என்றார் அதிகாரி. அப்பா எழுந்து நின்று, தன் பொய்க்கு இனி என்ன நடக்கும் என்று கேட்டார். அது என் வேலை இல்லை, எழுதியது எழுதியபடி இருக்கும் என்றார் அவர். நட்போடும் சொல்லவில்லை, மிரட்டலாகவும் சொல்லவில்லை.

சித்தப்பா ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். சப்பாத்தில் கயிறு இல்லை. அது கழன்று விழாதபடி காலை இழுத்து இழுத்து நடந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. இருவரும் கட்டிப்பிடிப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு முழ இடைவெளி விட்டு நின்றார்கள்.

"சாப்பிட்டியோ?" என்றார் அப்பா.

"ஓம் அண்ணை. பாண் தந்தவை."

திரும்பி வரும்போது சித்தப்பாதான் கதைத்தார். அமெரிக்காவின் தெற்கே, பிணையில் விடும்வரை அவரை அடைத்துவைத்த இடத்தில் காவலாளி ஒருவனுக்கு வெதர்லி என்று பெயராம். சட்டையில் எழுதியிருந்ததாம். அவன் இவருடைய கையில் கட்டியிருந்த பெயர்ப்பட்டியைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்து, அன்றிலிருந்து மச்சான் முறைபோல ஏதோ சொல்லிக் கூப்பிட்டானாம். "நான் அவனைக் கண்டவுடனை சரியான சந்தோசப்பட்டனான் அண்ணை. விசர் எனக்கு. வழக்குக்குக் கொண்டுபோன அண்டைக்கு அவன்தான் காலுக்குச் சங்கிலி போட்டவன். அண்டைக்கும் அந்த முறை சொல்லித்தான் கூப்பிட்டவன்." அப்பா முன் இருக்கையில் இருந்தபடி கையைப் பின்னால் நீட்டினார். மொன்றியல் வரும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகு பயம் இடம் மாறியது. முன்பு பெயருக்குப் பயந்தோம், இப்போது தபாலுக்கு. அரசாங்கத்தின் நீள உறை எது வந்தாலும் அப்பா அதைக் கொஞ்ச நேரம் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் திறப்பார். சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டோம். அவர்கள் கிளறலாம், கிளறாமலும் விடலாம் என்றார். இரண்டு குளிர்காலம் கடந்துவிட்டது. இன்னும் ஒன்றும் வரவில்லை. வராது என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

போன மாதம் சித்தப்பாவின் நிரந்தர வதிவிட விண்ணப்பத்தை நிரப்ப லொங்குய் நகரில் அவர் இருக்கும் வீட்டுக்குப் போனேன். அவருடைய வழக்கை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். துறைமுகப் பக்கம் ஒரு பண்டசாலையில் வேலை செய்கிறார். சமையலறை மேசையில் தாள்களைப் பரப்பினோம். அவர் அடுப்பில் தேத்தண்ணி வைத்தார். கனடாவில் உள்ள உறவினர் என்ற பகுதி வந்தது. முதல் வரியில் அப்பாவின் பெயரை எழுதினேன். "பக்கத்திலை வெதர்லி எண்டும் போடு. அண்ணை போடச் சொன்னவர்" என்றார். போட்டேன். "அடுத்தது நீ. பெறாமகள் எண்டு எழுது." அண்ணன் மகளை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்லுவார்கள்.

என் பேனை நின்றுவிட்டது. இரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார். கேத்தலைப் பார்த்தபடியே சொன்னார்.

"அண்டைக்கு எல்லையிலை அந்த ஒபிசர் மனுசி வந்து சொன்னவ, பெறாமகள் உன்னைத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டா எண்டு."

 "சித்தப்பா, நான்…"

"பொறு. நான் அவவிட்டைக் கேட்டனான், ஆரவர் எண்டு அவள் கேட்டவளோ எண்டு. இல்லை, உடனை தெரியாது எண்டவ எண்டு சொன்னா. அப்பதான் எனக்கு உயிர் வந்தது. தெரியாத ஆள் எண்டால் ஆரெண்டு கேக்கும் பிள்ளை. பயப்பிடாது. நீதான் எண்டு எனக்கு விளங்கிட்டுது."

தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். உறவுமுறை என்ற கட்டத்தில் எழுதினேன். எழுத்து கோணலாகத்தான் விழுந்தது. அடுத்த கட்டம் தொலைபேசி இலக்கம். நான் எழுதத் தொடங்குமுன் சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு, என்னுடைய பத்து இலக்கங்களையும் ஒவ்வொன்றாக, பிழையில்லாமல் சொன்னார்.